ஊர்ல ஒரு அடிபிடி கேஸ் இரிந்தா கனடாவில அம்புலன்ஸ் வேலைக்குப் போகேலாதா?

தம்பி, நீ கேட்டதச் சுருக்கமா முதல்ல எழுதுறன், மத்தப் பிள்ளைகளுக்கும் விளங்கட்டும். களுவாஞ்சிக்குடிப் பக்கம், ஊர்ல இரிக்கக்க செஞ்சிலுவையில முதலுதவி பழகினவன், மனிசி ஸ்பொன்சர் பண்ணி போன வருசம் ஸ்காபரோவுக்கு வந்திட்டாய், பீஆர், அதான் நிரந்தர வதிவிடம், கையில இரிக்கு, அம்புலன்ஸ்ல போய் நோயாளியப் பாக்கிற பராமெடிக் வேலைக்குப் படிக்க ஆசை. ஆனா 2013ல கழக மெட்ச் ஒண்டுல நடந்த சண்டைக்கு பொலிஸ் புடிச்சு கோட்டுல காசி கட்டின கேஸ் ஒண்டு கிடக்கு. மாமா சொல்றார் ஊர் கேஸ் இஞ்ச ஆருக்குத் தெரியப்போகுது, பறையாம இரு எண்டு. கூட்டாளி சொல்றான் ஒனக்கு இனி அந்த வேல சரிவராது எண்டு. ஆர் சொல்றது சரி எண்டு கேக்கிறாய்.

ரெண்டு பேர் சொல்றதும் பிழை மனே. நான் ஆரையம்பதி, கன காலமா ஒண்டாரியோவில அம்புலன்ஸ்லதான் சீவியம் போகுது, அதால தெரிஞ்ச மட்டும் சொல்றன். மத்த மாகாணங்கள்ல சட்டம் வேற, அத இதோட போட்டுக் குழப்பாத.

முதல் விசயம், "காசி கட்டினன்" எண்டு எழுதியிரிக்காய். எந்தக் காசி? நம்மட ஆக்கள் கோட்டுக்குப் போய்க் கிறுகி வந்தா எல்லாத்துக்கும் இந்த ஒரு சொல்லுத்தான். தண்டமும் காசி, பிணையும் காசி, அடிபட்டவனுக்குக் குடுத்த நட்டஈடும் காசி. சாதாரண காயம் எண்டா இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையில 314ம் பிரிவு, அதுக்கு உச்சமே ஒரு வருசம்தான், இப்பிடியான கேஸுகள மத்தியஸ்த சபைக்கு அனுப்பி ரெண்டு பகுதியையும் சமாதானம் பண்ணி விடுறதும் உண்டு, நீதவான் குற்றவாளி எண்டு தீர்ப்பெழுதாம எச்சரிச்சு விடுறதும் உண்டு. அப்பிடி முடிஞ்சிரிந்தா ஒனக்கு குற்றத்தீர்ப்பே இல்ல, நீதான் இவ்வளவு வருசமாப் பயந்து திரியிறாய். குற்றத்த ஒத்துக்கொண்டு தண்டம் கட்டினதெண்டா அது குற்றத்தீர்ப்புத்தான். இந்த ரெண்டுக்கும் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம் இரிக்கு, அது ஒன்ட ஞாபகத்தில இரிக்காது, கோட்டுல வழக்க எழுதி வெச்சிரிக்கிற வழக்கேட்டுலதான் இரிக்கு.

மறுகா இன்னொண்டு, அந்தச் சண்டையில கையாலதான் அடிச்சயா, ஸ்டம்பு கிம்பு தூக்கினயா? சிரிக்காத. குற்றப்பத்திரத்தில ஸ்டம்பாலயோ பொல்லாலயோ அடிச்சது எண்டு கிடந்தா, இஞ்சத்தச் சட்டத்தில அத ஆயுதத்தோட தாக்கினதாப் பாக்கலாம், அதுக்கு உச்சத் தண்டனை 10 வருசம், 10 வருசம் எண்டு வந்தாலே குடிவரவுச் சட்டத்தில பாரதூரமான குற்றம் எண்ட பெட்டிக்குள்ள போடுவானுகள், அது பீஆர் உள்ள ஆளையும் புடிக்கும். வெறுங்கையால அடிச்ச சாதாரண தாக்குதலுக்கு உச்சம் 5 வருசம், அது ஒரேயொரு கேஸ் எண்டா, தண்டம் கட்டி 10 வருசம் தாண்டினவன இவங்கள் திருந்தினவனாத்தான் கணக்கெடுக்கிறது. ஒரு ஸ்டம்பு செய்யிற வேலையப் பாத்தயா கா.

இப்ப மாமாட கதைக்கு வருவம். பீஆர் போமில எந்த நாட்டிலயாவது குற்றத்தீர்ப்பு இரிக்கா எண்டு கேட்டிரிப்பானுகள், நீ என்ன போட்ட? இலங்கைப் பொலிஸ் கிளியரன்ஸும் குடுத்திரிப்பாய், அதில என்ன எழுதிக் கிடந்தது? எல்லாத்தையும் உள்ளபடி எழுதித்தான் பீஆர் வந்ததெண்டா நிம்மதியா நித்திரை கொள்ளு. "இல்ல" எண்டு போட்டிரிந்தயெண்டா கொலிஜ் கதைய இப்போதைக்கு விடு, முதல்ல ஒரு குடிவரவு வக்கீலப் புடி. பொய் சொல்லி எடுத்த பீஆர் எண்டு வந்தா அதையே பறிச்சு 5 வருசத்துக்கு வரேலாமப் பண்ணுவானுகள், அடிச்ச அடிக்கு இல்லாத தண்டனை பொய்க்கு இரிக்கு. மாமாமார் இதையெல்லாம் பாக்கிறல்ல.

இனி வேலை. ஒண்டாரியோவில அம்புலன்ஸ் சட்டத்துக்குக் கீழ உள்ள ஒழுங்குவிதியில பராமெடிக்குக்கு என்னென்ன தகுதி வேணும் எண்டு இரிக்கு, அதில ஒண்டு, மன்னிப்புக் கிடைக்காத ஒழுக்கக்கேடான குற்றத்தில தீர்ப்பு இரிக்கக்கூடாது எண்டது. அது களவு, மோசடி மாதிரி நேர்மை கெட்ட குற்றங்களுக்குத்தான் முதல் இடிக்கும். ஏனெண்டு யோசிச்சுப் பார். ஒருக்கா ஒரு அப்பாட்மெண்டுக்குப் போறம், தமிழ் அம்மா ஒண்டு தனியச் சோபாவில, நெஞ்சுக்குள்ள எரியுது மகன் எண்டு தமிழ்லயே சொல்லுது, வேர்த்து ஊத்துது, கழட்டி வெச்ச தாலிக்கொடி தண்ணி கப்புக்குப் பக்கத்தில கிடக்கு, பேர்ஸ் துறந்து கிடக்கு. அத ஸ்டெயார் செயார்ல ஏத்தி வெளிய கொண்டு வரக்க வீட்டுக்குள்ள கடைசியா நிக்கிறது நம்மதான். எனக்குத் தெரிய ஒரு பழைய அடிபிடிய விட ஒரு சின்னக் கடைக்களவு இந்த வேலைக்குக் கூடப் பாரம், கனபேர் மறுவளமா நினைச்சுக்கொண்டிரிக்காங்க.

ஒன்ட ஊர்த் தீர்ப்ப இஞ்சத்தப் பொலிஸ் செக் காட்டாது, அதில வாறது கனடாப் பதிவுகள்தான். ஆனா புதுசா வந்த ஆள் எண்டா சொந்த நாட்டுக் கிளியரன்ஸும் கொண்டா எண்டு கேக்கலாம், நேரடியாவும் கேக்கலாம், கேட்டா உள்ளதச் சொல்லு, சேர்டிபைட் கொப்பிய நீட்டு. ரெக்கோட் அழிச்சுத் தாறம் எண்டு காசி புடுங்கிற ஆக்களும் இஞ்ச இரிக்காங்க, கவனம். கனடாவில ரெக்கோட் சஸ்பென்ஷன், அதான் பழைய குற்றப் பதிவ ஒதுக்கி வைக்கிறது, எண்டு ஒண்டு இரிக்கிறது உண்மைதான், பரோல் போட் குடுக்கிறது, 50 டொலர்தான், சின்னக் குற்றத்துக்கு 5 வருசம் பெரியதுக்கு 10 வருசம் பொறுத்திருக்கோணும். ஆனா அது இஞ்ச வந்த தீர்ப்புக்குத்தான், இலங்கையில வந்த தீர்ப்ப அதால ஒண்டும் செய்யேலா.

மிச்சம் எல்லாத்தையும் மறந்தாலும் இத மறந்திராத. கொலிஜ்ல இடம் கிடைச்சதெண்டா வழி துறந்திட்டு எண்டு நினைக்காத. ஸ்காபரோவிலயே சென்டெனியல் கொலிஜ்ல இந்தப் படிப்பு இரிக்கு, ரெண்டு வருச டிப்ளோமா, முடிச்சு மாகாணச் சோதனை எழுதோணும். அட்மிஷனுக்கு மார்க்ஸப் பாப்பானுகள், காசியும் எடுப்பானுகள். மறுகா அம்புலன்ஸ்ல ஏறிப் பழகப் போற நேரந்தான் தடுப்பூசிக் கார்ட்டு, சீபீஆர் சேர்டிபிகட், வல்னரபிள் செக்டர் செக் (பிள்ளைகள், ஏலாத ஆக்களோட வேலை செய்யிறவங்களுக்கான பொலிஸ் செக்) எல்லாம் கொண்டா எண்டுவானுகள். அது சரிவராட்டி வண்டியில ஏறேலா, ஏறாட்டிப் படிப்பு முடியா, கட்டின காசி போனதுதான். அதால காசி கட்ட முதல் அந்தப் புரோகிராம் பாக்கிற ஆளுக்கு ஒன்ட கேஸச் சொல்லி ஈமெயில் போட்டு, பதில எழுத்தில எடு. வாயால சொன்னது ஒண்டுக்கும் உதவா.

ட்ரைவிங்கும் சேத்துத்தான் பாப்பானுகள். அம்புலன்ஸ் ஓட எஃப் கிளாஸ் லைசன்ஸ் வேணும், அதுக்கு முதல் சாதாரண கார் ஓடுற முழு ஜீ லைசன்ஸ் எடுக்கோணும், ஒரு வருசத்துக்குள்ள ரோட்டுப் பிழைகளுக்குப் போடுற டீமெரிட் பொயிண்ட் 6 விழுந்தா எடுக்க மாட்டானுகள். குடிச்சிட்டு ஓடிப் புடிபட்டா கோட்டுல லைசன்ஸப் பறிப்பானுகள், அதுக்குப் புறகு 3 வருசத்துக்கு இந்தப் பக்கம் தலை வெச்சுப் படுக்கேலா, 2018 டிசம்பருக்குப் புறகு அதுக்கும் உச்சத் தண்டனை 10 வருசம் எண்டு ஆக்கினதால பீஆருக்கும் ஆபத்து. கலியாண வீட்டுக்குப் போனா ஊபரப் புடி.

அதுவரைக்கும் சும்மா இரிக்காத. நோயாளிகள ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் ஏத்தி இறக்கிற ட்ரான்ஸ்பர் கம்பனிகள் இரிக்கு, அதுக்குப் பராமெடிக் டிப்ளோமா தேவல்ல, நோயாளியத் தூக்கிப் பழகலாம். நம்மட காலத்தில ஊர்ல ஆள லேண்ட்மாஸ்டர் உழவு மெசின்ல போட்டுத்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறது, இப்ப 1990 எண்ட நம்பருக்கு அடிச்சா அம்புலன்ஸ் வண்டி வருது, இந்த ஆசை வந்தது எனக்குச் சந்தோசம்தான்.

செப்டம்பர் வகுப்புக்கு பெப்ரவரி 1க்குள்ள விண்ணப்பம் போட்டாத்தான் எல்லாரோடயும் சமமாப் பாப்பானுகள். ஊர்ல ஒன்ட மச்சானுக்கு ஒரு கடிதம் எழுதி ஐடி கொப்பியோட அனுப்பு, கேஸ் நம்பர் மறந்திட்டா அந்தப் பொலிசில ஆண்டையும் மாசத்தையும் சொல்லி விசாரிக்கச் சொல்லு, மறுகா ஒரு வக்கீல வெச்சு கோட்டுக்கு மோஷன் (மனு) போட்டு வழக்கேட்டுட சேர்டிபைட் கொப்பிய எடுக்கச் சொல்லு. மட்டக்களப்புக் கோட்டுல வழக்கேடு தமிழ்லதான் இரிக்கும், மொழிபெயர்ப்ப இஞ்ச செய்யலாம். வந்தோண்ண தீர்ப்புப் பக்கத்தப் படம் எடுத்து எனக்கு அனுப்பு, பேரையும் ஐடி நம்பரையும் மறைச்சிட்டு அனுப்பு.