விளையாட்டுக் கோப்பைகளை அருங்காட்சியகத்தில் வைக்கும்போது முதலில் எதைக் கவனிக்க வேண்டும்?

காட்சிப் பேழையின் பின்பக்கத்தை. 1970-இல் உலகக் கோப்பைக் கால்பந்துப் போட்டியில் மூன்றாம் முறையாக வென்று பிரேசில் நிரந்தரமாகச் சொந்தமாக்கிக்கொண்ட ஜூல்ஸ் ரிமே கோப்பை, ரியோவில் அந்நாட்டுக் கால்பந்துக் கூட்டமைப்பின் அலுவலகத்தில் இருந்தது. முன்னால் குண்டு துளைக்காத கண்ணாடி. பின்னால் வெறும் மரம். 1983 டிசம்பரில் திருடர்கள் அந்த மரத்தைப் பெயர்த்துக் கோப்பையைக் கொண்டுபோனார்கள். இன்றுவரை கிடைக்கவில்லை. இப்போது நினைத்தாலும் மனசு ஆறுவதில்லை.

அடுத்தது, உள்ளே விரிக்கும் துணி. கம்பளி, ரப்பர் போன்றவற்றிலிருந்து கசியும் கந்தக வாயு வெள்ளியைக் கறுக்கவைக்கும். அடிக்கடி பாலிஷ் போட்டாலோ பொறித்த பெயர்கள் தேய்ந்துவிடும். சாயமேற்றாத பருத்தித் துணியே நல்லது.

உருவத்தில் சிறியவற்றைப் பெரிய கோப்பைகளுக்கு நடுவே வைக்காதீர்கள். லண்டன் லார்ட்ஸ் கிரிக்கெட் மைதான அருங்காட்சியகத்தில் உள்ள, இங்கிலாந்து-ஆஸ்திரேலியா கிரிக்கெட் தொடரின் சின்னமான ஆஷஸ் கலசம் சுமார் 11 செ.மீ. உயரம்தான். அப்படிப்பட்டதற்குத் தனிப் பேழை வேண்டும், சக்கர நாற்காலியில் வருபவருக்கும் தெரியும் உயரத்தில்.