விடியப்புறம் அரை மணித்தியாலம்: ஓட நினைக்கும் அம்மா அப்பாக்களின் கேள்விகள்

இல்ல மெய்வல்லுநர் போட்டிகள் முடிந்த கையோடு எனக்குக் கேள்விகள் வரத் தொடங்கிவிடும். பெற்றோருக்கான ஓட்டத்தில் பிள்ளை பார்த்துக்கொண்டிருக்க நூறு மீற்றர் ஓடி மூச்சு வாங்கியவர்கள், பள்ளிக்கூடக் காலத்தில் ஓடியதை இருபது வருடத்துக்குப் பிறகு நினைத்துப் பார்த்தவர்கள் என்று எல்லாரும் எழுதுகிறார்கள். நான் கிளிநொச்சியில் உடற்கல்வி படிப்பிக்கிறேன், எனக்கும் இரண்டு பிள்ளைகள். வந்த கேள்விகளில் பலருக்கும் பொதுவாக இருந்தவற்றை எடுத்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: ரீச்சர், நாலரைக்கு எழும்பினால்தான் சமைத்து, பிள்ளைகளை வெளிக்கிடுத்தி, எட்டு மணிக்கு வேலைக்குப் போகலாம். பின்னேரம் ரியூசனுக்கு ஏற்றி இறக்க வேண்டும். இதற்குள் எப்போது ஓடுவது? (கிளிநொச்சி, இரண்டு பிள்ளைகளின் தாய்)

உங்கள் நாளைப் பார்த்தால் ஒரு இடைவெளி தெரிகிறது தங்கச்சி, அது ரியூசன் நேரம். பிள்ளையை இறக்கிவிட்டு ஸ்கூட்டியில் சாய்ந்தபடி ஒன்றரை மணித்தியாலம் ஃபோன் பார்த்துக்கொண்டு நிற்கிற அம்மாக்கள் எத்தனை பேர்! அந்தப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூட மைதானமோ வாகனம் குறைந்த ஒழுங்கையோ கட்டாயம் இருக்கும். ஐந்தரைக்குப் பிறகு வெயிலும் தணிந்துவிடும், சப்பாத்தை ஸ்கூட்டி சீற்றுக்குக் கீழே போட்டு வையுங்கள். கிழமைக்கு மூன்று நாள், ஒரு நாளைக்கு அரை மணித்தியாலம், தொடக்கத்துக்கு இவ்வளவும் போதும். ஒரு நிமிடம் மெதுவாக ஓடி இரண்டு நிமிடம் நடப்பதைப் பத்துத் தரம் செய்தால் அரை மணித்தியாலம் முடிந்துவிடும். இரண்டு கிழமைக்கு ஒருமுறை ஓடும் நேரத்தைக் கொஞ்சம் கூட்டி நடக்கும் நேரத்தைக் குறைத்துக்கொண்டு வந்தால், இரண்டு இரண்டரை மாதத்தில் ஐந்து கிலோமீற்றரை நிற்காமல் ஓடலாம்.

மூன்றில் ஒரு நாளாவது விடியப்புறம் ஓடுங்கள், அதை உங்கள் கணவரிடம் நேரே கேளுங்கள். ஒரு நாள் காலையில் புட்டு அவிப்பதும் பிள்ளைக்குத் தலை இழுத்துவிடுவதும் அவரால் செய்ய முடியாத வேலைகள் இல்லை. நான் பார்த்த அளவில், ஓட்டத்தை இடையில் விட்ட தாய்மாரில் கால்வலியால் விட்டவர்கள் குறைவு. வீட்டில் ஒருவரும் ஒரு வேலையையும் பொறுப்பெடுக்காததால் விட்டவர்கள்தான் கூட. அதனால் ஆண்களுக்கும் சேர்த்தே இதைச் சொல்கிறேன்: மனைவி ஓடப் போகும் நாளில் "பிள்ளை அழுகுது" என்று ஃபோன் எடுக்காதீர்கள், நீங்களே தூக்கி வைத்திருங்கள்.

கேள்வி: பள்ளிக்கூடத்தில் மரதனில் இரண்டாமிடம் வந்தவன் நான். இப்போது 38 வயது. சித்திரைக்கு எங்கள் கழகம் வைக்கும் மரதனுக்குப் பெயர் கொடுத்துவிட்டு முதல் கிழமையே நாளுக்கு ஆறு கிலோமீற்றர் ஓடினேன். இப்போது முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பு வலிக்கிறது. பயிற்சியை விடலாமா? (மாங்குளம்)

விட வேண்டாம் தம்பி, குறையுங்கள். பழைய ஓட்டக்காரர்கள் எல்லாருக்கும் வருகிற பிரச்சினை இது. இதயமும் மூச்சும் சில கிழமைகளிலேயே பழகிவிடும், எலும்புக்கும் தசைநாருக்கும் மாதக்கணக்கு வேண்டும். மூச்சு "ஓடலாம்" என்று சொல்லும்போது எலும்பு இன்னும் ஆயத்தமாக இருக்காது, மனதில் இருப்பதோ பதினேழு வயது வேகம். ஒரு கிழமை ஓட்டத்தை நிறுத்திவிட்டு சைக்கிள் ஓடுங்கள், பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள் இரண்டு கிலோமீற்றரில் இருந்து தொடங்குங்கள். தார் றோட்டை விட அழுத்திய கிரவல் பாதையும் புல் மைதானமும் காலுக்குச் சுகம். வேகத்தை அளக்க மணிக்கூடு தேவையில்லை, பக்கத்தில் ஓடுபவரோடு முழு வசனமாகக் கதைக்க முடிந்தால் அதுதான் உங்கள் வேகம். மூச்சிரைத்து ஒற்றைச் சொல்லாகப் பதில் வந்தால் கூடிவிட்டது என்று அர்த்தம்.

ஒன்றைக் கவனியுங்கள். எலும்பு நீளத்துக்குப் பரவலாக நோகிறதென்றால் ஓய்வில் மாறும். ஒரு விரல்நுனி வைக்கிற இடத்தில் மட்டும் குத்துகிறது, இரவில் படுத்திருக்கவும் வலிக்கிறது என்றால் எலும்பில் வெடிப்பு இருக்கலாம், ஆஸ்பத்திரியில் காட்டாமல் ஓடாதீர்கள்.

அப்புறம், நாங்கள் ஊரில் மரதன் என்று சொல்வது பெரும்பாலும் ஐந்தோ பத்தோ கிலோமீற்றர் வீதியோட்டம். உண்மையான மரதன் 42.195 கிலோமீற்றர், அதில் பாதி 21.1. கழகம் எத்தனை கிலோமீற்றர் வைக்கிறது என்று கேட்டுவிட்டு அதற்கேற்பப் பயிற்சி எடுங்கள்.

கேள்வி: ஓட ஆசை, ஆனால் சனம் என்ன சொல்லும் என்று பயம். எந்த உடுப்புப் போடுவது? நாய்களுக்கும் பயம். (புதுக்குடியிருப்பு, மூன்று பிள்ளைகளின் தாய்)

சனம் இரண்டு கிழமை பார்க்கும், பிறகு அதற்கும் அலுத்துவிடும். என்னையும் "என்ன ரீச்சர், பஸ்ஸை விட்டிட்டீங்களோ" என்று கேட்டார்கள். அப்படிக் கேட்டவர்களில் ஒருவர் இப்போது என்னோடு நடக்க வருகிறார். முள்ளியவளையைச் சேர்ந்த அகிலத்திருநாயகி அம்மா எழுபது வயதைத் தாண்டிய பிறகு, 2023 இல் பிலிப்பைன்ஸில் நடந்த மூத்தோர் தடகளப் போட்டியில் ஓடித் தங்கம் வென்றார். முல்லைத்தீவு மாவட்டத்துப் பெண் ஓடுவதைச் சனம் பார்த்தேயில்லை என்று இனி யாரும் சொல்ல முடியாது.

தளர்வான ரீசேட்டும் ட்ரக் பொட்டமும் போதும், விருப்பமென்றால் பஞ்சாபி ரொப்பும் லெகின்ஸும் போட்டு ஓடலாம், ஷோலை மட்டும் வீட்டில் விடுங்கள். காசு செலவழிக்க வேண்டிய இடங்கள் இரண்டு: மார்பை இறுக்கிப் பிடிக்கிற விளையாட்டு உள்ளாடை, அடுத்தது சப்பாத்து. பிள்ளையின் பள்ளிக்கூட வெள்ளைச் சப்பாத்துப் போல அடி மெல்லிய கன்வஸில் நாளாந்தம் தார் றோட்டில் ஓடினால் குதிக்கால் தாங்காது. பெருவிரலுக்கு முன்னால் ஒரு விரலகலம் இடம் இருக்கிற சப்பாத்தைப் பின்னேரத்தில் போய் வாங்குங்கள், அப்போதுதான் கால் கொஞ்சம் வீங்கி இருக்கும்.

நாய் துரத்தினால் ஓடாதீர்கள், நின்று அதன் பக்கம் திரும்பி, கண்ணுக்குள் பார்க்காமல் மெதுவாகப் பின்வாங்குங்கள். கடித்தால் சவர்க்காரம் போட்டுப் பதினைந்து நிமிடம் ஓடுகிற தண்ணீரில் கழுவிவிட்டு அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

கேள்வி: ஓடுவதற்குப் பாதுகாப்பான இடம் எது? நான் இருப்பது ஒட்டுசுட்டான் பக்கம்.

உங்கள் பக்கம் யானை வரும், அதனால் விடியுமுன் காட்டோரப் பாதையில் ஓட வேண்டாம். நிலம் நன்றாக வெளித்த பிறகு, ஊர்மனைக்குள் அல்லது பள்ளிக்கூட மைதானத்தில் ஓடுங்கள். 400 மீற்றர் பாதை இருந்தால் பன்னிரண்டரைச் சுற்று ஐந்து கிலோமீற்றர். குளக்கட்டு ஓட அருமையான இடம், இரணைமடுக் கட்டில் விடிகாலைக் காற்று வாங்கி ஓடியவர்களுக்கு அது தெரியும். ஆனால் பெண்கள் தனியே போகாமல் இரண்டு மூன்று பேராகப் போங்கள். ஏ9 வீதியில்தான் ஓட வேண்டுமென்றால் வலப்பக்கமாக, வருகிற வாகனத்தைப் பார்த்தபடி, காதில் பாட்டு இல்லாமல் ஓடுங்கள்.

எங்கள் மண்ணில் இன்னொன்றையும் சொல்லியே ஆக வேண்டும். சனம் புழங்காத பற்றைக்குள் குறுக்குவழி என்று இறங்காதீர்கள், ஒதுங்குவதற்கும் இறங்காதீர்கள். சிவப்பு மண்டையோட்டுப் பலகை இல்லாத இடமென்பது கண்ணிவெடி இல்லாத இடமென்று ஆகாது.

கேள்வி: 44 வயது, சீனி வருத்தத்துக்கும் பிரசருக்கும் குளிசை எடுக்கிறேன். ஓடலாமா? (வவுனியா)

ஓடலாம், ஓட வேண்டும், ஆனால் கிளினிக்கில் சொல்லிவிட்டு. நடக்கும்போதோ படியேறும்போதோ நெஞ்சு இறுகுதல், தலைசுற்று, வழமைக்கு மாறான மூச்சடைப்பு இருந்தால் ஈசிஜி எடுத்து வைத்தியர் சரியென்று சொல்லும்வரை நடைகூட மெதுவாகத்தான்.

என்ன குளிசை எடுக்கிறீர்கள் என்பது முக்கியம். மெற்போர்மின் மட்டும் என்றால் ஓட்டத்தில் சீனி திடீரென்று இறங்குவது அரிது. கிளிக்கிளசைட் போன்ற குளிசையோ இன்சுலினோ என்றால் இறங்கும். அப்படிப்பட்டவர்கள் ஓடுமுன் விரலில் குத்திப் பார்த்து 100க்குக் கீழே இருந்தால் ஒரு வாழைப்பழமாவது சாப்பிட்டுவிட்டு ஓடுங்கள். பொக்கற்றில் மூன்று தேக்கரண்டி சீனியோ குளுக்கோசோ கட்டாயம் இருக்கட்டும், கை நடுங்கி வியர்த்தால் உடனே வாயில் போட்டுவிட்டு இருந்துவிடுங்கள். 250க்கு மேலே நின்று உடம்பும் சரியில்லை என்றால் அன்றைக்கு ஓட்டம் இல்லை. வந்தவுடன் சப்பாத்தைக் கழற்றி இரண்டு பாதத்தையும் பாருங்கள், விறைத்த காலுக்குப் பொக்குளம் வந்தது தெரியாது. பிரசருக்கு அற்றெனலோல் எடுப்பவர்களுக்கு இதயத் துடிப்பு மருந்தாலேயே குறைந்திருக்கும், ஸ்மார்ட் மணிக்கூடு காட்டும் எண்ணை நம்பி வேகத்தைக் கூட்டாதீர்கள்.

வவுனியாக்காரர் என்பதால் இதைத் தனியாகச் சொல்கிறேன். உங்கள் பக்கம் சிறுநீரக நோயாளிகள் இருப்பது உங்களுக்கே தெரியும். ஓடுமுன் முழங்கால் வலிக்குமென்று டைக்குளோபினக், இபுப்புரூபன் போட்டுவிட்டு வெயிலில் வியர்த்து ஓடுவது சிறுநீரகத்துக்குச் செய்யக்கூடிய பெரிய கெடுதிகளில் ஒன்று. வலி இருந்தால் ஓடாதீர்கள், வலியை மறைத்துக்கொண்டு ஓடாதீர்கள்.

கேள்வி: எவ்வளவு தண்ணீர் குடிப்பது?

தாகத்துக்குக் குடியுங்கள். ஒருநாள் ஓடுமுன்னும் பின்னும் நிறுத்துப் பாருங்கள், ஒரு கிலோ குறைந்திருந்தால் ஏறக்குறைய ஒரு லீற்றர் வியர்த்திருக்கிறீர்கள். ஒரு மணித்தியாலத்துக்கு மேல் ஓடி, சேட்டில் உப்புப் படிந்திருந்தால் ஒரு லீற்றர் தண்ணீரில் ஒரு பக்கற் ஜீவனி (வயிற்றோட்டத்துக்குக் கரைத்துக் குடிக்கிற உப்புத்தூள்) கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கலாம், உப்புப் போட்ட மோரும் நல்லது. தாகமில்லாமல் லீற்றர் கணக்கில் வெறும் தண்ணீர் குடிப்பதும் ஆபத்துத்தான், இரத்தத்தில் உப்பு ஐதாகி ஆள் மயங்கிவிடுவார். சோளகக் காற்றடிக்கும் காலத்தில் வியர்வை உடனே காய்ந்துவிடுவதால் வியர்க்கவேயில்லை என்று தோன்றும், அதை நம்பாதீர்கள்.

கேள்வி: குழந்தைக்கு ஐந்து மாதம், பால் கொடுக்கிறேன். ஓடினால் பால் வற்றுமா? (முள்ளியவளை)

வற்றாது. ஓடுமுன் பாலைக் கொடுத்துவிட்டுப் போங்கள், மார்பும் பாரமில்லாமல் இருக்கும். பிரசவித்து குறைந்தது மூன்று மாதம் கழிந்த பிறகுதான் ஓட்டம், சிசேரியன் என்றால் இன்னும் பொறுப்பது நல்லது. அரை மணித்தியாலம் வேகமாக நடக்கும்போது நோவோ, சிறுநீர் கசிவோ, அடிவயிற்றில் எதுவோ இறங்குவது போன்ற பாரமோ இல்லையென்றால் தொடங்குங்கள். இருந்தால் வெட்கப்படாமல் கிளினிக்கில் சொல்லுங்கள், அதற்குப் பயிற்சி இருக்கிறது, பிள்ளை பெற்றவளுக்கு இது வழமைதான் என்று தாங்கிக்கொண்டு இருக்கத் தேவையில்லை. களைப்பு மாறவே இல்லையென்றால் இரத்தத்தைச் சோதியுங்கள். இரும்புச்சத்துக் குளிசையைத் தேத்தண்ணியோடு போடாதீர்கள், தேசிக்காய்த் தண்ணியோடு போட்டால் உடம்பில் நன்றாகச் சேரும்.

கேள்வி: 2009 இல் காயப்பட்டு, கெண்டைக்காலுக்குள் சிறிய செல் துண்டு ஒன்று இன்னும் இருக்கிறது. மகன் என்னோடு ஓட வாருங்கள் என்கிறான். (பெயரும் ஊரும் வேண்டாம்)

அண்ணா, உங்களைப் போல இங்கே எத்தனையோ பேர். பல வருடம் அசையாமல், நோகாமல் இருக்கிற துண்டோடு ஓடுகிறவர்களை எனக்குத் தெரியும். முதலில் ஒரு எக்ஸ்ரே எடுத்து, அது நரம்புக்கோ மூட்டுக்கோ இரத்தக்குழாய்க்கோ பக்கத்தில் இருக்கிறதா என்று சத்திரசிகிச்சை வைத்தியரிடம் கேளுங்கள். இல்லையென்றால் மேலே சொன்ன ஒரு நிமிட ஓட்டம், இரண்டு நிமிட நடை உங்களுக்கும் பொருந்தும். அந்த இடம் சிவந்தாலோ, சூடாகினாலோ, கால் விறைத்தாலோ நிறுத்திவிட்டுக் காட்டுங்கள். எப்போதாவது எம்ஆர்ஐ எடுக்கச் சொன்னால் உலோகம் உள்ளே இருப்பதை முதலே சொல்லுங்கள், அந்தக் காந்தம் துண்டை அசைத்துவிடலாம். மகன் முன்னால் ஓடிவிட்டால் விடுங்கள், திரும்பி வரும்போது உங்களைச் சந்திப்பான்.

கேள்வி: முதற்போட்டிக்குப் பெயர் கொடுத்துவிட்டேன், பத்து கிலோமீற்றர். அன்றைக்கு என்ன செய்வது? மகளுக்கு எட்டு வயது, தானும் ஓடப்போகிறாளாம். (பரந்தன்)

முதல் நாளிரவு வழமையான சாப்பாடு, காலையில் இரண்டு மணித்தியாலத்துக்கு முன் பாணும் வாழைப்பழமும், புதிய சப்பாத்து வேண்டாம். முதல் இரண்டு கிலோமீற்றரில் எல்லாரும் உங்களைத் தாண்டிப் போவார்கள், போகட்டும். எட்டாவது கிலோமீற்றரில் அவர்களில் பாதிப்பேரை நடந்துகொண்டிருக்கக் காண்பீர்கள். தலையிடி, குமட்டல், குளிர் நடுக்கம் வந்தால் நிழலில் இருந்து தலையிலும் உடம்பிலும் தண்ணீர் ஊற்றச் சொல்லுங்கள், பெயர் கொடுத்துவிட்டோமே என்று ஓடாதீர்கள்.

எட்டு வயதுக்குப் பத்து கிலோமீற்றர் வேண்டாம். கடைசி முந்நூறு மீற்றரில் ஒரு வேப்பமரத்தடியில் அவளை அப்பாவோடு நிற்கவிடுங்கள், நீங்கள் வரும்போது கையைப் பிடித்துக்கொண்டு முடிவுக்கோடு வரை வரட்டும். அதற்கு ஏற்பாட்டாளரிடம் முதலே கேட்டுவையுங்கள், சில இடங்களில் இலக்கம் இல்லாதவர்களைப் பாதைக்குள் விடமாட்டார்கள்.