ரன்ஃப்ளாட் டயரை (காற்று போனாலும் கொஞ்ச தூரம் ஓடும் டயர்) எந்த அலாய் வீலில் வேண்டுமானாலும் மாட்டலாமா?

மாட்டலாம். டயர் உட்கார்ந்துவிடும், காற்றும் நிற்கும். கடையில் ஒரு 17 இன்ச் செட்டைப் பார்த்து வைத்துவிட்டுத்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். பணம் கொடுப்பதற்கு முன் அந்த வீலைத் திருப்பி, பின்பக்கம் என்ன பொறித்திருக்கிறது என்று பாருங்கள். நான் பார்க்கவில்லை.

என்னுடையது 2014 மாடல் பிஎம்டபிள்யூ 3 சீரீஸ், நான் இரண்டாவது ஓனர். பள்ளத்தில் இறங்கி இரண்டு வீல் வளைந்ததால் கோவையில் ஒரு கடையில் நான்கையும் மாற்றினேன். ஐந்து போல்ட், அவை அமையும் வட்டம் 120 மி.மீ., வீலின் நடு ஓட்டை 72.6 மி.மீ. எல்லாம் சரியாகவே பார்த்துக் கொடுத்தார்கள். பழைய ரன்ஃப்ளாட்டுகள் நன்றாக இருந்ததால் அவற்றையே ஏற்றினார்கள்.

நான்கு மாதம் கழித்து அம்மாவை அழைத்துக்கொண்டு சென்னைக்குப் போனேன். உளுந்தூர்பேட்டை தாண்டி முன் இடது டயரில் காற்று இறங்கியிருக்கிறது. ரன்ஃப்ளாட்டின் பக்கச்சுவர் தடிமன், காற்று இல்லாமலும் வண்டியைத் தாங்கும். அதனால் ஸ்டியரிங்கில் சட்டென்று தெரியாது, எச்சரிக்கை விளக்குதான் சொல்ல வேண்டும். என் வண்டியில் அது சக்கரம் சுற்றும் வேகத்தை வைத்துக் கணக்கிடுவது. வீல் மாற்றினால் ரீசெட் செய்ய வேண்டும். கடையில் செய்யவில்லை, சொல்லவும் இல்லை. விளக்கு எரிந்தபோது வண்டி ஏற்கனவே இழுக்க ஆரம்பித்திருந்தது.

சரி, 80 கி.மீ. வேகத்துக்குள் 80 கி.மீ. தூரம் போகலாம் என்றுதானே சொல்கிறார்கள் என்று 60-க்குக் குறைத்து ஓட்டினேன். நேராகப் போனவரை தாங்கியது. சர்வீஸ் ரோட்டுக்குத் திரும்பிய வளைவில் டயர் ரிம்மை விட்டுக் கழன்றது. ரிம் தாரில் உரசிய சத்தத்தில் அம்மா என் கையை இறுகப் பிடித்துக்கொண்டார்.

காரணம் பிறகுதான் புரிந்தது. டயரின் கம்பி விளிம்பு உட்காரும் இடத்தை ஒட்டி, ரிம்மின் உள்ளே ஒரு மேடு ஓடும். பிஎம்டபிள்யூவின் ஒரிஜினல் வீலில் அந்த மேடு கூடுதல் உயரம். அளவோடு சேர்த்து ‘இஎச்2’ அல்லது ‘இஎச்2+’ என்று பொறித்திருப்பார்கள். காற்று போனாலும் டயரின் விளிம்பு ரிம்மின் நடுப்பள்ளத்துக்குள் சரியாமல் அதுதான் பிடித்து வைக்கிறது. நான் வாங்கியதில் வெறும் ‘எச்2’, அதாவது சாதாரண உயர மேடு.

‘எச்2-வில் பல வருடமாக ஓட்டுகிறேன், ஒன்றும் ஆகவில்லை’ என்று சிலர் சொல்வார்கள். நான் மறுக்கவில்லை. காற்று இருக்கும்வரை எனக்கும் ஒன்றும் ஆகவில்லை.

‘செகண்ட் ஹேண்டில் இந்த வண்டி எதற்கு’ என்றும் யாராவது கேட்பார்கள். என் அப்பா கடைசிவரை டாக்ஸி ஓட்டினார், சொந்தமாக ஒரு கார் வாங்க முடியவில்லை. நான் கடன் வாங்காமல் சேர்த்து வாங்கினேன். விசேஷ வீடுகளில் சொந்தக்காரர்கள் ‘எப்படி இருக்கே’ என்று கேட்பதற்கு முன் ‘சர்வீஸுக்கு எவ்வளவு ஆகுது’ என்கிறார்கள். அது மனசுக்கு வலிக்கிறது.

ஒரிஜினல் வீலில் சாதாரண டயர் போட நினைத்தால் தாராளமாகப் போடலாம், பொருந்தும். நான்கையும் ஒரே வகையாகப் போடுங்கள். ஆனால் இந்த வண்டிகள் பெரும்பாலும் ஸ்டெப்னி இல்லாமல்தான் வருகின்றன. ஏர் பம்ப்பும் பஞ்சர் கிட்டும் வாங்கி டிக்கியில் வைத்துவிட்டு அப்புறம் டயர் கடைக்குப் போங்கள்.