லொட் ஆற்றங்கரையில்: சான்-சீர்-லாபோப்பியும் காவோரும் (கேள்வி பதில்)

தென்மேற்குப் பிரான்சில், லொட் ஆற்றின் கரையில் அமைந்த இடைக்கால நகரமான காவோர் பற்றியும், அதற்குக் கிழக்கே குன்றின் விளிம்பில் ஒட்டிக்கொண்டிருக்கும் சான்-சீர்-லாபோப்பி என்ற சிற்றூர் பற்றியும் வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறேன். ஊர், ஆறு, கட்டடம், வரலாறு, உணவு ஆகியவை பற்றித் தாராளமாகக் கேட்கலாம். விமானச்சீட்டும் விடுதி விலையும் என் துறை அல்ல.

கேள்வி: ஆகஸ்ட்டில் பாரிஸிலிருந்து குடும்பத்துடன் இரண்டு நாள் வருகிறோம். கிராமத்தில் தங்குவதா, நகரத்தில் தங்குவதா?

காவோரில் தங்குங்கள். சான்-சீர்-லாபோப்பியில் நிலையாக வசிப்பவர்கள் ஏறத்தாழ இருநூறு பேர்தான். 2012-இல் ஒரு தொலைக்காட்சி வாக்கெடுப்பில் பிரெஞ்சு மக்களின் விருப்பக் கிராமமாகத் தேர்வானபின், கோடைக்காலத்தில் அதன் ஒடுங்கிய, செங்குத்தான சந்துகளில் நண்பகலில் தோளோடு தோள் உரசாமல் நடக்க இயலாது. காலை 9 மணிக்கு முன்போ மாலை 6 மணிக்குப் பின்போ சென்றால், ஆற்றிலிருந்து ஏறக்குறைய 100 மீட்டர் உயரத்தில் அடுக்கடுக்காக ஏறும் கூரைகளும், உச்சியில் அரண் போல நிற்கும் தேவாலயமும், அதற்கும் மேலே கோட்டையின் இடிபாடுகளும் முழுமையாகக் கண்ணுக்குக் கிடைக்கும். காவோரிலிருந்து காரில் அரை மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக ஆகும் என்பதால், விடியலில் புறப்பட்டுக் கிராமத்தைப் பார்த்துவிட்டு, வெயில் ஏறும் நேரத்தில் நகரத்தின் நிழல் தெருக்களுக்குத் திரும்பிவிடலாம்.

ஒரே ஓர் எச்சரிக்கை: இப்பகுதியில் மதிய உணவு 12 மணிக்கும் 2 மணிக்கும் இடையில்தான். அதைத் தவறவிட்டால் பசியோடு இருக்க வேண்டியதுதான்.

கேள்வி: எங்களிடம் கார் இல்லை. போக முடியுமா?

முடியும். பாரிஸ் ஓஸ்டர்லிட்ஸ் நிலையத்திலிருந்து துலூஸ் செல்லும் ரயில் காவோரில் நிற்கிறது. அங்கிருந்து ஃபிஷாக் நகருக்கு ஆற்றோரமாகச் செல்லும் பேருந்தில் ஏறி, தூர்-த-ஃபோர் நிறுத்தத்தில் இறங்கிப் பாலத்தைக் கடந்து மேட்டில் ஏறினால் கிராமம் வந்துவிடும். ஏற்றம் கடுமையானது. ஞாயிறு, விடுமுறை நாட்களில் பேருந்துகள் குறைவு என்பதால் திரும்பும் பேருந்தின் நேரத்தை முதல் நாளே உறுதிசெய்துகொள்ளுங்கள்.

கேள்வி: ஷெங்கன் விசாவுக்கு வங்கிக் கணக்கில் எவ்வளவு பணம் காட்ட வேண்டும்?

தூதரகத்தின் அறிவிப்பைப் பாருங்கள்.

கேள்வி: ஆற்றோரப் பாறையைக் குடைந்து ஒரு நடைபாதை அமைத்திருக்கிறார்களாமே? அது எதற்காக?

இதைக் கேட்டதற்கு நன்றி. ஆயிரக்கணக்கானோர் ஒளிப்படம் எடுத்துச் செல்லும் அந்தப் பாதை ஏன் உருவானது என்று கேட்பவர்கள் மிகச் சிலரே. சாலைகள் மோசமாக இருந்த காலத்தில் இப்பள்ளத்தாக்கின் பெருவழி லொட் ஆறுதான். காவோரின் மதுப் பீப்பாய்களும் மரமும் பிறவும் தட்டையான அடிப்பகுதி கொண்ட படகுகளில் ஆற்றோட்டத்தோடு மேற்கேயுள்ள துறைமுக நகரமான போர்தோ நோக்கி இறங்கின. இறங்குவது எளிது, சுமையோடு எதிரோட்டத்தில் ஏறுவதற்குக் கரையிலிருந்து கயிறு கட்டி இழுக்க வேண்டும். பூஸியேஸ் என்ற ஆற்றோர ஊருக்கும் சான்-சீருக்கும் இடையே சுண்ணாம்புப் பாறை நேராகத் தண்ணீருக்குள் இறங்குவதால் இழுப்பவர்கள் கால் வைக்க இடமே இல்லாமலிருந்தது. ஆகவே 1840-களில் அப்பாறையின் பக்கவாட்டைக் குடைந்து, ஒரு பக்கம் ஆறும் மறுபக்கமும் தலைக்கு மேலும் பாறையுமாக ஒரு தாழ்வான வழியை வெட்டினார்கள். அவ்வளவு உழைப்பும் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளுக்குத்தான் முழுமையாகப் பயன்பட்டது. 1886-இல் காவோரையும் கப்தெனாக்கையும் இணைக்கும் ரயில்பாதை திறக்கப்பட்டதும் படகுத் தொழில் படுத்துவிட்டது. அந்த ரயில்பாதையும் இன்று பயணிகளை ஏற்றுவதில்லை.

பூஸியேஸில் காரை நிறுத்திவிட்டு இவ்வழியே நடந்து சான்-சீருக்கு ஏறுவதுதான் அக்கிராமத்தை அணுகும் முறையான வழி என்பது என் உறுதியான கருத்து. மேலே உள்ள வாகன நிறுத்துமிடத்திலிருந்து இறங்குபவர்கள் அழகான கூரைகளைப் பார்க்கிறார்கள். ஆற்றிலிருந்து ஏறுபவர்களுக்கோ அந்த ஊர் ஏன் அங்கே இருக்கிறது என்பதே புரிந்துவிடும். பாறைச் சுவரில் காணப்படும் மீன், சிப்பி போன்ற புடைப்புச் சிற்பங்கள் 1980-களில் செதுக்கப்பட்டவை; அவற்றைப் பழங்காலத்தவை என்று குழந்தைகளுக்குச் சொல்லிவிடாதீர்கள். மழைக்குப் பின் பாதை வழுக்கும். தண்ணீர் பக்கம் தடுப்பு இல்லை.

கேள்வி: நான் சைவ உணவு மட்டுமே உண்பவள். சமாளிக்க முடியுமா?

கவனமாக இருந்தால் முடியும். இது வாத்து நாடு. உருளைக்கிழங்கு வறுவல்கூடப் பல இடங்களில் வாத்துக் கொழுப்பில்தான் ஆகிறது. வெறும் காய்கறிக் கலவை போலத் தோன்றும் சாலடில் வாத்தின் இரைப்பைத் துண்டுகள் இருக்கும். “இறைச்சி வேண்டாம்” என்று மட்டும் சொன்னால் போதாது, “விலங்குக் கொழுப்பும் வேண்டாம்” என்று சேர்த்துச் சொல்லுங்கள். புதன், சனிக்கிழமை காலைகளில் காவோர் தேவாலயத்தின் முன்னுள்ள சதுக்கத்தில் கூடும் சந்தையில் முலாம்பழம், வால்நட் எண்ணெய், உள்ளங்கையில் அடங்கும் ரொக்கமடூர் ஆட்டுப்பால் பாலாடைக்கட்டி, ரொட்டி ஆகியவற்றை வாங்கி ஆற்றோரம் உட்கார்ந்து உண்பதே உங்களுக்கு ஏற்ற விருந்து. அந்தப் பாலாடைக்கட்டியைக் கன்று அல்லது ஆட்டுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும் உறைபொருளால்தான் உறைய வைக்கிறார்கள் என்பதையும் அறிந்துகொண்டு முடிவு செய்யுங்கள்.

கேள்வி: மூன்று மணிக்குக் கிராமத்தில் சாப்பாடு கிடைக்குமா?

முதல் பதிலைப் படியுங்கள். ஐஸ்கிரீம் கிடைக்கும்.

கேள்வி: காவோரின் வலான்த்ரே பாலத்தைச் சாத்தான் கட்டியதாகச் சொல்கிறார்களே, அந்தக் கதை என்ன?

பாலத்துக்கு 1308-இல் அடிக்கல் நாட்டப்பட்டது. வேலை முடிய ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் பிடித்தன. இந்தத் தாமதத்துக்கு மக்கள் கற்பித்த காரணம்தான் கதை. சலித்துப்போன கட்டடக்காரர் சாத்தானோடு ஒப்பந்தம் செய்தாராம்: சொன்ன வேலையை எல்லாம் அது செய்து முடித்தால் அவருடைய ஆன்மா அதற்கு உரியது. வேலை முடியும் தறுவாயில் அவர், கொத்தர்களுக்குச் சல்லடையில் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். தோற்ற சாத்தான், நடுக்கோபுரத்தின் மூலைக்கல் ஒன்றை இரவுதோறும் பிடுங்கிப் போட்டுப் பழிவாங்கியதாம். 1879-இல் பாலத்தைச் சீரமைத்த போல் கூ என்ற கட்டடக்கலைஞர், கல்லை இழுக்கும் குட்டிச்சாத்தானின் உருவத்தையே அந்த மூலையில் பதித்துவிட்டார். கீழிருந்து கண்டுபிடிக்கத் தொலைநோக்கி உதவும்.

கேள்வி: அப்படியானால் அது இடைக்காலப் பாலமே அல்லவே! 19-ஆம் நூற்றாண்டில் புதுப்பித்ததைக் காட்டி ஏமாற்றுகிறார்கள்.

இல்லை. ஆறு பெரிய வளைவுகளும் மூன்று சதுரக் கோபுரங்களும் கொண்ட அதன் அமைப்பு 14-ஆம் நூற்றாண்டினுடையது. சீரமைத்தது என்பதும் புதிதாகக் கட்டியது என்பதும் ஒன்றல்ல. சாத்தான் உருவம் 1879-இன் குறும்பு; அதை யாரும் மறைக்கவில்லை.

அதே நண்பர்: “சீரமைப்பு” என்ற பெயரில் அக்காலக் கட்டடக்கலைஞர்கள் தங்கள் கற்பனையைக் கட்டியெழுப்பியது உங்களுக்குத் தெரியாதா? தெற்குப் பிரான்சின் கோட்டை நகரமான கார்க்கசோனைப் பாருங்கள். இடிந்ததை இடிந்தபடியே விட்டிருக்க வேண்டும்.

கார்க்கசோன் பற்றிய குறை நியாயமானது. அங்கே வடபிரான்சுப் பாணியிலான கூம்புக் கூரைகளைக் குறித்து இன்றும் விவாதிக்கிறார்கள். ஆனால் “இடிந்தபடியே விடுவது” என்ற வழி காவோரில் என்ன ஆனது என்பதைப் பாருங்கள். இந்நகரத்துக்கு மேலும் இரண்டு பழைய பாலங்கள் இருந்தன. 1580-இல் நவார் அரசர் ஹென்றி, பிற்காலத்தில் பிரான்சின் நான்காம் ஹென்றி ஆனவர், வெடிமருந்து வைத்துக் கதவுகளைத் தகர்த்து நகருக்குள் புகுந்தது அவற்றுள் ஒன்றின் வழியாகத்தான். அந்த இரண்டும் 19-ஆம் நூற்றாண்டிலும் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலுமாக இடிக்கப்பட்டு, அவற்றின் வேலையைப் புதிய பாலங்கள் ஏற்றுக்கொண்டன. 1840-இலேயே பிரான்சின் முதல் பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னப் பட்டியலில் இடம்பெற்ற வலான்த்ரே மட்டும் நிற்கிறது.

மற்றொருவர்: அவர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது ஐயா. போரையே காணாத பாலத்துக்கு எதற்கு மூன்று கோபுரம்? வெறும் பகட்டு.

போரைக் காணாததற்கு அந்தக் கோபுரங்களே காரணமாக இருக்கலாம் அல்லவா? வலுவான வாயிலை விட்டுவிட்டு வேறு வாயிலைத் தேடுவதுதான் முற்றுகையிடுபவரின் வழக்கம். ஹென்றியும் அதைத்தான் செய்தார். பகட்டும் அதில் உண்டு என்பதை மறுக்கவில்லை. பணக்கார வணிகர்களின் நகரம் தன் செல்வாக்கைக் கல்லில் காட்டியது. இந்த விவாதத்தில் இன்னும் ஏழெட்டு மடல்கள் வந்துள்ளன. பாலத்துக்குப் போய்ப் பார்த்துவிட்டு எழுதுபவர்களுக்கு மட்டும் இனிப் பதில் தருவேன்.

கேள்வி: இவ்வளவு சிறிய நகரத்துக்கு அந்தப் பணம் எங்கிருந்து வந்தது?

வட்டியிலிருந்து. 13-ஆம் நூற்றாண்டில் காவோர்க்காரர்கள் ஐரோப்பா முழுவதும் கடன் கொடுத்தார்கள். இத்தாலியக் கவி தாந்தே தம் ‘நரகம்’ காவியத்தில் வட்டிக்காரர்களைக் குறிக்க இந்நகரின் பெயரையே விவிலியத்தின் பாவ நகரமான சோதோமுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டார். 1316-இல் இருபத்திரண்டாம் யோவான் என்ற பெயரில் போப்பாண்டவரான ஜாக் துயேஸ் பிறந்த ஊரும் இதுவே. அவர் 1332-இல் இங்கு நிறுவிய பல்கலைக்கழகம், 1751-இல் துலூஸ் பல்கலைக்கழகத்தோடு இணைக்கப்படும்வரை இயங்கியது. ஆறு மூன்று பக்கமும் வளைத்து ஓடுவதால் நான்காவது பக்கத்தில் மதில் எழுப்பினாலே நகரம் கோட்டையாகிவிடும். செல்வத்தைக் காக்க அதைவிட நல்ல இடம் ஏது?

கேள்வி: காவோர் மது போர்தோ மதுவின் மலிவுப் பதிப்பா?

இல்லை. குறைந்தது 70 விழுக்காடு மல்பெக் திராட்சையில் ஆவது. போர்தோ வணிகர்கள் தங்கள் சொந்த மது விற்றுத் தீரும்வரை ஆற்றின் மேற்பகுதி ஊர்களிலிருந்து வரும் மதுவைத் தடுத்துவைக்கும் சலுகையைப் பல நூற்றாண்டுகள் அனுபவித்தார்கள். 1776-இல் அமைச்சர் துர்கோ அதை ஒழித்தார். இங்கே முதியவர்களிடம் உங்கள் கேள்வியைக் கேட்டுவிடாதீர்கள்.

கேள்வி: சான்-சீரில் ஓர் எழுத்தாளர் வாழ்ந்தாராமே?

கனவையும் ஆழ்மனதையும் கலையாக்கிய மீமெய்யியல் (சர்ரியலிசம்) இயக்கத்தின் தலைவர் ஆந்த்ரே ப்ரெத்தோன். 1950-இல் கிராமத்தைக் கண்டு, அடுத்த ஆண்டு ஒரு பழைய வீட்டை வாங்கி, 1966-இல் மறையும்வரை கோடைகளை அங்கே கழித்தார். அந்த வீடு முன்பு படகோட்டிகளின் சத்திரமாக இருந்தது. நான் ஆற்றைப் பற்றியே பேசுவது ஏன் என்று இப்போது புரிந்திருக்கும்.

கேள்வி: திங்கட்கிழமை உணவகங்கள் திறந்திருக்குமா? இரண்டரை மணிக்குச் சாப்பிடலாமா?

பல மூடியிருக்கும். இரண்டாவது கேள்விக்கு மூன்றாம் முறையாகப் பதில் சொல்ல மாட்டேன்.

கேள்வி: அருகில் வேறு என்ன பார்க்கலாம்?

காப்ரரே ஊரிலுள்ள பெஷ் மெர்ல் குகை. 1922-இல் இரண்டு சிறுவர்கள் உள்ளே தவழ்ந்து சென்று கண்டறிந்த ஓவியங்கள் அங்கே உள்ளன. புள்ளிகள் இட்ட குதிரைகளின் வயது ஏறத்தாழ 29,000 ஆண்டுகள். பிரான்சின் மற்றொரு புகழ்பெற்ற ஓவியக் குகையான லஸ்கோவில் மூலக் குகை 1963 முதல் பொதுமக்களுக்கு மூடப்பட்டு நகல்தான் காட்டப்படுகிறது. இங்கே மூலக் குகைக்குள்ளேயே நடக்கிறோம். அதற்காகவே நாளொன்றுக்கு 700 பேருக்கு மேல் அனுமதிப்பதில்லை. கோடையில் முன்பதிவு இல்லாமல் போனால் வாசலோடு திரும்புவீர்கள்.

கேள்வி: ஜனவரியில் வந்தால் வீணா?

சான்-சீரில் பெரும்பாலான கடைகள் அடைத்திருக்கும், குகையும் மூடியிருக்கும். ஆனால் சந்துகள் உங்களுக்கே சொந்தம். செவ்வாய்க்கிழமையாக இருந்தால், காவோருக்குத் தெற்கேயுள்ள லால்பாங்க் ஊரின் கருந்துரஃபிள் சந்தைக்குச் செல்லுங்கள். நிலத்தடியில் விளையும் அந்தக் காளானைக் கூடைகளில் வைத்துக்கொண்டு விவசாயிகள் நீண்ட பெஞ்சுகளுக்குப் பின்னால் வரிசையாக நிற்பார்கள். பிற்பகல் இரண்டரை மணிக்குக் குறி கொடுக்கும்வரை விற்பனை தொடங்காது. மொத்த வியாபாரத்தில் கூடையோடுதான் விலை பேசுவார்கள். ஒன்றிரண்டு மட்டும் வேண்டுமானால் சில்லறை விற்பனைப் பகுதிக்குச் செல்லுங்கள்.