மாடலாக இருந்த மாதவன் இயக்குநரானது எப்படி?

மதுரை விளக்குத்தூண் பக்கத்து ஜவுளிக்கடை ஃபிளெக்ஸ்களில் மாடலாக நிற்கும் உங்கள் தம்பி சினிமாவுக்குப் போக வழி உண்டா, மாதவன் எப்படிப் போனார் என்று கேட்டிருக்கிறீர்கள். வழி உண்டு, ஆனால் சுற்றுவழி.

1996-இல் ஒளிப்பதிவாளர் சந்தோஷ் சிவன் எடுத்த சந்தனப் பவுடர் விளம்பரத்தில் நடித்த மாதவனை, சந்தோஷ் சிவனே மணிரத்னத்திடம் பரிந்துரைத்தார். 'இருவர்' படத்தின் தமிழ்ச்செல்வன் பாத்திரத்துக்கு ஸ்கிரீன் டெஸ்ட்டும் (கேமரா முன் நடிக்கவைத்துப் பார்க்கும் தேர்வு) நடந்தது. அந்தப் பாத்திரத்துக்கு வேண்டிய முதிர்ச்சி அவர் கண்களில் இல்லை என்று கருதப்பட்டதால், வாய்ப்பு பிரகாஷ்ராஜுக்குப் போயிற்று. பவுடரை விற்றுக்கொடுத்த அதே இளமை இங்கே தடையாக நின்றதைத்தான் உங்கள் தம்பி கவனிக்க வேண்டும். இந்தித் தொலைக்காட்சித் தொடர்களில் வசனம் பேசிப் பழகிய மாதவனை, மணிரத்னமே 2000-இல் 'அலைபாயுதே'யில் நாயகனாக்கினார்.

இயக்குநரானது எதிர்பாராத திருப்பம். 'ராக்கெட்ரி' படத்தை உடன் இயக்கவிருந்தவர் விலகியதால் முழுப்பொறுப்பும் மாதவன்மீது விழுந்தது. அவரே எழுதி, இயக்கி, நடித்து 2022-இல் வெளிவந்த அந்தப் படம் சிறந்த திரைப்படத்துக்கான தேசிய விருதைப் பெற்றது. (அது சொல்லும் விஞ்ஞானி நம்பி நாராயணன் நம்மூர் தியாகராசர் பொறியியல் கல்லூரியில் படித்தவர்.)

ஆகவே உங்கள் தம்பி சினிமா வாய்ப்புக் கேட்கும்போது புகைப்படங்களோடு நிறுத்திக்கொள்ளாமல், வசனம் பேசி நடித்த சிறு காணொளி ஒன்றையும் சேர்த்தே அனுப்பட்டும்.