வினைல் சைடிங்கை நாமே போடலாமா?

கேள்வி: அமெரிக்காவில் மரச்சட்ட வீடு. வெளிச்சுவரை மூடும் பிளாஸ்டிக் பலகைகளான வினைல் சைடிங்கை ஆள் வைக்காமல் நாமே போட முடியுமா?

தனியாக நிற்கும் கராஜ், பின்பக்க ஷெட் என்றால் தாராளமாகப் போடலாம். இரண்டு மாடி வீடு என்றால் ஆளை வைத்துக்கொள்ளுங்கள். ஏணி மேல் நின்றுகொண்டு பன்னிரண்டரை அடி நீளப் பலகையைக் காற்றில் பிடிப்பது வேடிக்கையான வேலை இல்லை. நான் நியூ ஜெர்சியில் எங்கள் கராஜுக்கு மட்டும் போட்டேன். சரியாகச் சொன்னால், இரண்டு முறை போட்டேன்.

முதல் முறை ஓர் அக்டோபர் மாதம். ஆணி என்றால் தலை பலகையோடு ஒட்டும்வரை அடிப்பதுதான் எனக்குத் தெரிந்த வழி. அப்படியே அடித்தேன். பார்க்கப் பளிச்சென்று இருந்தது. அடுத்த ஜூலையில் தெற்குச் சுவர் முழுக்க எண்ணெயில் போட்ட அப்பளம் மாதிரி நெளிந்து நின்றது.

வினைல் என்பது பிவிசிதான், நம் வீட்டுத் தண்ணீர்க் குழாய் ஜாதி. குளிர்காலத்துக்கும் கோடைக்கும் இடையே ஒரு முழுப் பலகையின் நீளம் அரை அங்குலத்துக்கு மேல் கூடிக் குறையும். அதனால் இதைச் சுவரில் அறையக் கூடாது, தொங்கவிட வேண்டும். பலகையின் மேல் விளிம்பில் நீள்வாக்கில் துளைகள் இருக்கும். ஆணி துளையின் நடுவில், நேராக, 16 அங்குலத்துக்கு ஒன்றாக இறங்க வேண்டும். ஆணித்தலைக்கும் பலகைக்கும் நடுவே பத்து சென்ட் காசு நுழையும் இடம் விடுங்கள். அடித்து முடித்ததும் பலகையை இடமும் வலமும் தள்ளிப் பாருங்கள். நகரவில்லை என்றால் ஆணியைக் கொஞ்சம் வெளியே இழுக்க வேண்டியதுதான். மூலைச் சட்டத்திலும் ஜன்னலோரத்தில் பலகையின் நுனி செருகும் பள்ளமான ஜே சேனலிலும் பலகையின் நுனி முட்டாமல் கால் அங்குலம் விட வேண்டும். 40 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழான குளிரில் போட்டால் இன்னும் சற்று அதிகம், எட்டில் மூன்று பங்கு அங்குலம், அதாவது சுமார் 10 மில்லிமீட்டர். ஆனால் அந்தக் குளிரில் வெட்டும்போதே பலகை விரிசல் விடும். இளவெயில் நாளாகப் பார்த்துத் தொடங்குங்கள்.

வினைல் தண்ணீரைத் தடுக்கும் என்று நினைத்திருந்தேன். முழுக்கத் தடுக்காது. சாரல் உள்ளே போகத்தான் செய்யும். பலகையின் அடியில் சிறு துளைகள் வைத்திருப்பதே அந்தத் தண்ணீர் வடிவதற்காகத்தான். சுவரை உண்மையில் காப்பது வினைலுக்கு உள்ளே சுவரில் சுற்றும் ஹவுஸ் ராப் என்ற தண்ணீர் தடுக்கும் விரிப்பும், ஜன்னலைச் சுற்றித் தண்ணீர் புகாமல் ஒட்டும் ஃபிளாஷிங் பட்டையும். ஓடு வேய்கிற மாதிரி மேலே இருப்பது கீழே இருப்பதன் மேல் படிய வேண்டும். மாற்றிப் போட்டால் தண்ணீர் நேராக மரத்துக்குள் இறங்கும். உங்கள் நேரத்தில் பாதி இந்த வேலைக்குப் போகட்டும்.

முதல் வரிசைப் பலகையை மாட்ட அதன் அடியில் அடிக்கும் ஸ்டார்ட்டர் ஸ்ட்ரிப் என்ற பட்டை மட்டமாக இருக்க வேண்டும். அங்கே கால் அங்குலம் சரிந்தால் மேல் வரிசைவரை அந்தச் சரிவு தொடரும். ஊரில் கொத்தனார்கள் செய்வது போல டியூப்பில் தண்ணீர் ஊற்றி நான்கு மூலைக்கும் மட்டம் பார்த்தேன். பக்கத்து வீட்டுக்காரர் வேலியோரம் நின்று வேடிக்கை பார்த்தார். ஆனால் முதல் தடவையே சரியாக அமைந்தது அந்த ஒன்றுதான்.

பழைய வீடு என்றால் ஒன்று: 1978-க்கு முன் கட்டியதில் ஈயம் கலந்த பெயிண்ட் இருக்கலாம். சோதிக்காமல் சுரண்டாதீர்கள். அப்புறம், பார்பிக்யூ அடுப்பைச் சுவரிலிருந்து தள்ளி வையுங்கள், வினைல் உருகிவிடும்.

சரி, நெளிந்த சுவர் என்ன ஆனது? ஜிப் டூல் என்று கொக்கி மாதிரி ஒரு சின்னக் கருவி, விலை சில டாலர்தான். அதைக் கொண்டு பலகைகள் ஒன்றோடொன்று மாட்டியிருக்கும் பூட்டைக் கழற்றி, ஆணிகளைத் தளர்த்தினேன். பெரும்பாலானவை தாமாகவே நேராகிவிட்டன. நான்கு மட்டும் தேறவில்லை, புதிதாக வாங்கினேன். அவற்றைப் பின்சுவரில் போட்டுவிட்டு, அங்கிருந்த பழைய பலகைகளைக் கழற்றி முன்னால் கொண்டுவந்திருக்க வேண்டும். அது தோன்றவில்லை. வெயிலில் வெளுத்த பழசுக்கு நடுவே அந்த நான்கும் ஒட்டுப்போட்ட சட்டை மாதிரி தெரிகின்றன. இப்போதைக்குக் குப்பைத் தொட்டியை அதற்கு முன்னால் நிறுத்தியிருக்கிறேன்.