மூன்று அண்டர்ஸ்கோர் போட்டால் ரவி வருகிறான், கமலா வரவில்லை: எஸ்க்யூஎல் லைக் கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, மைக்ரோசாஃப்ட் ஆக்சஸ் டேட்டாபேஸில் லைக் (எழுத்து வடிவம் கொடுத்துத் தேடும் எஸ்க்யூஎல் சொல்) கொடுத்து, * போட்டுத் தேடிப் பழகியவன் நான். மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸில் அதையே போட்டால் ஒரு வரிகூட வரவில்லை.

பதில்: அங்கே * வெறும் நட்சத்திரம்தான் தம்பி. பெயருக்குள் நிஜமாகவே நட்சத்திரம் இருக்கும் ஆளைத் தேடிக்கொண்டிருக்கிறது. * இருந்த இடத்தில் %, ? இருந்த இடத்தில் _ போடுங்கள். % எத்தனை எழுத்துக்கும் பொருந்தும், எழுத்தே இல்லாவிட்டாலும் பொருந்தும். _ சரியாக ஒன்றுக்குத்தான்.

கேள்வி: போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் தமிழ்ப் பெயர்கள் வைத்திருக்கிறேன் சார். மூன்றெழுத்துப் பெயர் வேண்டும் என்று '___' கொடுத்தேன். கமலாவைக் காணோம், ரவி வந்து நிற்கிறான்!

பதில்: டேட்டாபேஸ் நம் எழுத்தை எண்ணாது, யூனிகோட் குறிகளை, அதாவது கணினி எழுத்தைப் பிரித்துச் சேமிக்கும் துண்டுகளை எண்ணும். 'லா' என்பது ல ஒன்று, துணைக்கால் ஒன்று. ஆகவே கமலா நான்கு. 'வி' இரண்டு, எனவே ரவி மூன்று. மெய்யின் புள்ளிக்கும் தனிக் குறி உண்டு. 'குமார்' எழுதினால் ஆறு. 'ஸ்ரீ' பார்வைக்கு ஒன்று, உள்ளே நான்கு.

மூன்றெழுத்துத்தான் வேண்டுமென்றால் லைக்கை விடுங்கள். துணைக்குறிகளையும் புள்ளியையும் ரெகுலர் எக்ஸ்பிரஷனால் (எழுத்து வடிவங்களை விதி எழுதிப் பிடிக்கும் முறை) நீக்கிவிட்டு, மிச்சத்தின் நீளம் மூன்றா என்று பாருங்கள். ஸ்ரீயும் க்ஷவும் அப்போதும் கணக்கைக் கெடுக்கும்.

கேள்வி: அதே மாதிரி எனக்கும் ஒன்று. 'ராம்%' தேடினால் ராம்குமார் வருகிறார், ராமன் வரவில்லை.

பதில்: ராமனில் 'ம'வுக்கு மேல் புள்ளி இல்லையே! நீங்கள் புள்ளியோடு கேட்கிறீர்கள். 'ராம%' என்று கேளுங்கள். ராமன், ராமு, ராமேஸ்வரி, ராம்குமார் எல்லோரும் வருவார்கள்.

இன்னொரு பொறியும் இருக்கிறது. 'கொ'வின் கொம்பையும் காலையும் சேர்த்து ஒரே குறியாகவும் சேமிக்கலாம், இரண்டு தனிக் குறிகளாகவும் சேமிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும், லைக் மட்டும் பொருந்தாது என்று சொல்லிவிடும். போஸ்ட்கிரெஸ் 13 முதல் இரண்டையும் ஒரே வடிவுக்குக் கொண்டுவரும் நார்மலைஸ் என்ற ஃபங்ஷன் இருக்கிறது. பெயரை உள்ளே போடும்போதே அதில் ஒருமுறை விட்டு எடுங்கள், தேடும் சொல்லையும் அப்படியே. 'ஔ'வுக்குப் பதில் 'ஒ', 'ள' என்று தட்டி வைத்தவர்களுக்கு அதுவும் உதவாது. கையால்தான் திருத்த வேண்டும்.

கேள்வி: '50%' என்று குறிப்பு உள்ள பில்களை எடுக்க '%50%%' கொடுத்தேன். 1500 ரூபாய் பில்லெல்லாம் வருகிறது.

பதில்: வரத்தான் செய்யும், உங்கள் % எல்லாமே வைல்ட்கார்டு, அதாவது எதற்கும் பொருந்தும் குறி ஆகிவிட்டது. லைக் '%50!%%' எஸ்கேப் '!' என்று எழுதுங்கள். ! குறிக்கு அடுத்து வருவது நிஜ %. மைஎஸ்க்யூஎல்லிலும் போஸ்ட்கிரெஸிலும் சொல்லாமலே பேக்ஸ்லாஷ் எஸ்கேப்பாக வேலை செய்யும். ஆரக்கிளிலும் எஸ்க்யூஎல் சர்வரிலும் அப்படி இல்லை, எஸ்கேப் குறி எது என்று எழுதினால்தான் வேலை செய்யும்.

அண்டர்ஸ்கோர் இதைவிட மோசம், கண்ணுக்கே படாது. சோதனைக் கணக்குகளை அழிக்க 'டெஸ்ட்_%' என்று ஒருமுறை டெலிட் கொடுத்தேன். டெஸ்ட்மேட்ச் என்று பெயர் வைத்திருந்த நிஜ வாடிக்கையாளரும் சேர்ந்து போனார். பேக்கப் இருந்ததால் பிழைத்தேன். இப்போதெல்லாம் அதே நிபந்தனையோடு முதலில் செலக்ட், எண்ணிக்கை சரி என்றால் அப்புறம்தான் டெலிட்.

கேள்வி: 40 லட்சம் வரி. பொருட்பெயர் ஆங்கிலத்தில் இருக்கிறது. இண்டெக்ஸ் (தேடலை வேகமாக்கும் வரிசைப் பட்டியல்) போட்டும் '%ஸ்டீல்%' மாதிரித் தேடல் ஊர்கிறது.

பதில்: 'மரம்' என்று முடியும் சொல்லை அகராதியில் தேடிப் பாருங்கள், முதல் பக்கத்திலிருந்து புரட்ட வேண்டும். முன்னால் % இருந்தால் சாதாரண இண்டெக்ஸின் கதியும் அதுதான். போஸ்ட்கிரெஸ் என்றால் டிரைகிராம் எக்ஸ்டென்ஷனைச் சேர்த்து ஜின் (GIN) வகை இண்டெக்ஸ் போடுங்கள். சொல்லை மும்மூன்று எழுத்தாக நறுக்கி வைத்துக்கொள்ளும். மொபைல் எண்ணின் கடைசி நான்கு இலக்கம் மட்டும் போதும் என்பவர்கள், எண்ணைத் திருப்பிப் போட்டு இண்டெக்ஸ் செய்யலாம். '%4321' தேட வேண்டிய இடத்தில் '1234%' தேடலாம்.

கேள்வி: சென்னைக்காரர்களைத் தவிர்க்க ஊர் நாட் லைக் 'சென்னை%' போட்டால் ஊரே குறிக்காத ஆட்கள் விடுபடுகிறார்கள் அக்கா.

பதில்: அக்கா இல்லை, அண்ணன்! குறிக்காமல் விட்ட இடத்தில் இருப்பது நல் (NULL), மதிப்பே இல்லை என்று பொருள். அதை எதோடு ஒப்பிட்டாலும் விடை நல்தான், உண்மை ஆகாது. 'ஆர் ஊர் இஸ் நல்' என்று சேர்த்துவிடுங்கள்.

கேள்வி: பிரிப்பேர்டு ஸ்டேட்மென்டில் (மதிப்பின் இடத்தில் ? போட்டுவிட்டு, மதிப்பைத் தனியாக அனுப்பும் முறை) '%?%' எழுதினால் பிழை வருகிறதே?

பதில்: மேற்கோளுக்குள் போன ? வெறும் கேள்விக்குறி. வெளியே லைக் ? என்று மட்டும் விட்டு, அனுப்பும் மதிப்பில் % ஒட்டுங்கள். பயனர் தட்டும் % _ குறிகளை எஸ்கேப் செய்த பிறகு ஒட்டுங்கள்.